எங்கள் ஊர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி: பிள்ளையைச் சேர்க்கலாமா?

மன்னார்குடி பக்கம் உள்ள பள்ளி. என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேதான் படிக்கிறாள். பிளஸ் ஒன் சேர்க்கை நேரத்தில் நிறைய பேர் கேட்பதால் எழுதுகிறேன். தாராளமாகச் சேர்க்கலாம், முக்கியக் காரணம் தலைமையாசிரியை.

ஹைடெக் லேப் என்கிற கம்ப்யூட்டர் அறை இன்றைக்குப் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இருக்கிறது. ஆனால் ஆன்லைன் தேர்வு, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு என்றால் மட்டும் திறந்து, மற்ற நாளெல்லாம் பூட்டியே வைத்திருக்கிற லேபையும் பார்த்திருக்கிறேன். இங்கே எச்.எம். டைம்டேபிளிலேயே எல்லா வகுப்புக்கும் லேப் பீரியட் போட்டுவிட்டார். பிள்ளைகள் கை வைத்தால் கெட்டுப்போகும் என்று தயங்கிய ஆசிரியர்களிடம், கெட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாராம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மேட்டூர் நீர்மட்டத்தை நாளிதழில் பார்த்துத் தினமும் எக்செல்லில் ஏற்றினார்கள். முழு மட்டமான 120 அடியில் இன்றைக்கு எவ்வளவு, ஜூன் 12 அன்று அணை திறந்த வருஷங்களில் நம் பக்கம் குறுவை எப்படி, திறக்காத வருஷங்களில் எப்படி என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் பக்கத்தில் எழுதினார்கள். அப்புறம் கொள்முதல் நிலையத்து ஈரப்பதக் கணக்கு. 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை வாங்க யோசிப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் "தாத்தா, எந்தத் தேதி அறுத்தீங்க, எத்தனை நாள் காய வச்சீங்க?" என்று நோட்டோடு வந்து உட்கார்ந்தவள் என் மகள்தான். அறிவுப் பொருளாதாரம் என்று மேடையில் பேசுகிறார்களே, அது வயல்காட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இப்படித்தான் கைக்கு வரும் என்று நம்புகிறேன்.

திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் 2009 முதல் இருக்கிறது, தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே நிஃப்டெம் என்கிற மத்திய அரசு கல்வி நிறுவனம் இருக்கிறது. முதலாவதுக்கு சியூஇடி நுழைவுத்தேர்வு, இரண்டாவதில் பி.டெக். சேர ஜேஇஇ மெயின் நுழைவுத்தேர்வு. பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான், ஆனால் விண்ணப்பிக்கிற நேரம் வீட்டில் யாருக்கும் தெரியாமலே போய்விடும். எச்.எம். அம்மாக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொல்கிறார்.

இன்னொன்று, பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒரு தடவை யோசியுங்கள். மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரியில் மாதம் வரும் 1,000 ரூபாயும் கை நழுவலாம்.

குறையும் உண்டு. இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் உள்கிராமத்துப் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக பஸ் இல்லை. இதைவிடப் பெரிய கவலை, இந்த எச்.எம். மாறுதலில் போய்விட்டால் லேப் மறுபடி பூட்டிவிடக்கூடாதே என்பது. பள்ளி மேலாண்மைக் குழுவில் அம்மாக்கள் நாங்கள் நிறைய பேர் இருக்கிறோம். லேப் பீரியடைத் தீர்மானமாகவே எழுதி வைக்கக் கேட்டிருக்கிறோம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் வேண்டுமென்றால் ரிசல்ட் வந்ததுமே போய்விடுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது.