ஷேடோ டீச்சரா, டெய்லி கார்டா?

ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற எங்க பையன் பக்கத்துல உக்கார்றவங்கள அடிக்கிறான்னு ரெண்டையுமே பாத்துட்டோம். ஷேடோ டீச்சர்னா கிளாஸ்ல அவன்கூடவே இருக்குற தனி டீச்சர், அவன் கை ஓங்குறப்பவே தடுத்துருவாங்க, மத்த புள்ளைங்களுக்கும் சேஃப், ஆனா சம்பளம் நாமதான் குடுக்கணும், அவனும் எதுக்கெடுத்தாலும் அவங்க மூஞ்சியவே பாக்க ஆரம்பிச்சுட்டான்.

கார்டுல ரெண்டே விஷயம்தான், 'வரிசையில நின்னான்', 'யாரையும் அடிக்கல'. ஒவ்வொரு பீரியடுக்கும் மிஸ் ஸ்மைலி போடுவாங்க, நாலு வந்தா சாயங்காலம் அப்பாகூட கேரம், அந்த கார்ட தூக்கிட்டு கேட்லருந்தே ஓடி வருவான் பாருங்க! செலவு இல்ல, ஆனா மிஸ் தினமும் விடாம போடணும்.

அடிக்கடி காயம் ஆகுதுன்னா ஷேடோ, இல்லன்னா நான் கார்டுதான் சொல்வேன். எதுவா இருந்தாலும் மொதல்ல காது டெஸ்ட் பண்ணிருங்க, சரியா கேக்கலன்னாலும் புள்ளைங்க அடம்புடிக்கும். ஸ்கூல்ல அடிச்சு திருத்துறோம்னா விடாதீங்க, 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவுல அதுக்கு தடையே இருக்கு.