குதிக்கால் நோவோடு ஓடுறதா, சைக்கிளுக்கு மாறுறதா?

ஐம்பதைத் தாண்டியும் யாழ்ப்பாணத்துப் பண்ணை வீதியில் விடிய ஓடுறவைக்குக் குதிக்காலுக்கு மேலே, கெண்டைத் தசையைக் குதியோடு இணைக்கும் தசைநாண் நோகத் தொடங்கினால், இலேசில் விடாது.

ஓட்டத்தை அடியோடு நிறுத்தினால் நோ அடங்கும், தசைநாண் பலப்படாது. திரும்ப ஓடத் தொடங்க அதே நோ வந்து நிற்கும். ஆகவே குறைத்து ஓடுறது விசர்வேலை இல்லை. நோவே இல்லாதது 0, தாங்கவே ஏலாத நோ 10 என்று வைத்தால், ஓடும்போது நோ 5ஐத் தாண்டக்கூடாது, மறுநாள் விடிய அடங்கியிருக்கவும் வேணும். கட்டிலால் இறங்கேக்க விறைப்புக் கூடியிருந்தால், முதல்நாள் ஓட்டம் கூடிப்போச்சு. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லாதது வசதி. வேக ஓட்டத்தை மட்டும் விடுங்கோ.

சைக்கிள் ஓட்டத்துக்கான மூச்சுப்பலத்தைக் காக்கும், குதிக்குச் சுமை குறைவு. (சோளகக் காற்றுக்கு எதிராகப் பண்ணையில் மிதிச்சுப் பார்த்தால் ஓட்டமே சுகம் என்பீர்கள்.) ஆனால் தசைநாணை அது பலப்படுத்தாது. அதுக்குப் படி விளிம்பில் நுனிக்காலால் நின்று குதியை மெல்ல இறக்கும் பயிற்சி வேணும்: 15 தரம், 3 சுற்று, நாளுக்கு இருமுறை, 12 கிழமை.

என் தெரிவு, ஒருநாள் விட்டு ஒருநாள் மெதுவோட்டம், இடையில் சைக்கிள். திடீரெனப் ‘படக்’ என்று அறுந்தமாதிரி இருந்து, நுனிக்காலில் எழும்ப ஏலாமல் போனால் இரண்டும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.