தங்கைக்கு ஸ்டெம் செல் கொடுக்கப் போன ஏழு வாரம்

தங்கைக்கு ஏ.எம்.எல் என்று தெரிந்த அன்றே அக்கா போன் செய்தார். "உன் ரத்தத்தைப் பார்க்கணுமாம், உடனே கிளம்பி வா." ரத்தப் புற்றுநோயில் வேகமாக முற்றும் வகை அது. அடுத்து எந்த விமானத்தில் இடம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. அங்கேதான் தவறு நடந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு கூடப்பிறந்தவருக்கு ஸ்டெம் செல் (மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் தாய்ச் செல்) கொடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு இது உதவட்டும் என்று எழுதுகிறேன். அதனால் அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊரில் இறங்கிய மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ பரிசோதனை அங்கே செய்யப்படுவதில்லை, வெளி ஆய்வகத்துக்குப் போகிறது என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. ரிப்போர்ட் வர 16 நாள் ஆனது. அதற்குள் தங்கை முதல் சுற்று கீமோவில் இருந்தாள். நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எடுத்து வந்த மூன்று வார லீவும் தீர்ந்து, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். இதே பரிசோதனையை நான் வாழும் நாட்டிலேயே செய்து ரிப்போர்ட்டை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். ஸ்டெம் செல்லை மாற்றி ஏற்றும் சிகிச்சைக்கு முன் எப்படியும் புது ரத்தம் எடுத்து இன்னொரு முறை சரிபார்ப்பார்கள். அதற்கு அப்போது போனால் போதும். லீவைச் சேர்த்து வையுங்கள். அது உண்மையில் தேவைப்படும் நேரம் சில மாதம் கழித்துத்தான் வரும்.

ரிப்போர்ட் சொன்னது இதுதான். அக்காவுக்கும் தங்கைக்கும் துளியும் பொருந்தவில்லை. எனக்கும் அவளுக்கும் பாதி, ஒப்பிட்ட பத்து எச்.எல்.ஏ அடையாளங்களில் ஐந்து. எச்.எல்.ஏ மரபணுக்கள் அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அம்மாவிடமிருந்து ஒரு தொகுப்பு என்று வருகின்றன. அதனால் கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த நான்கில் இரண்டு, அறவே பொருந்தாமல் போக நான்கில் ஒன்று. பதிவேடுகளில் வெளிக் கொடையாளரையும் தேடினார்கள். முழுப் பொருத்தம் யாரும் கிடைக்கவில்லை. முதல் சுற்று முடிந்தபோது நுண்ணோக்கியில் நோய் மறைந்திருந்தது. ஆனால் பத்தாயிரம் செல்லில் ஒரு கெட்ட செல்லையும் கண்டுபிடிக்கும் எம்.ஆர்.டி பரிசோதனையில் மிச்சம் தெரிந்தது. கீமோ மட்டும் போதாது என்று மருத்துவர் முடிவு செய்தது அதை வைத்துத்தான்.

"பாதிதானே பொருந்துகிறது, பரவாயில்லையா?" என்று கேட்டேன். அந்த மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் விளக்கினார். இந்தப் பயணத்தில் நான் பெற்ற மிகச் சிறந்த சேவை அந்த முக்கால் மணி நேரம்தான்.

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். எலும்பு மஜ்ஜையை மனிதருக்கு மாற்றிப் பார்த்த முதல் முயற்சிகளை டொனால் தாமஸ் 1957-ல் வெளியிட்டார். ஆரம்ப நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோரையும் இழந்தும் அவர் விடவில்லை. 1990-ல் நோபல் பரிசு பெற்றார். நீண்ட காலம் முழுப் பொருத்தம் இருந்தால்தான் துணிவார்கள். காரணம் ஜி.வி.எச்.டி. கொடையாளரின் நோய் எதிர்ப்புச் செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலை அந்நியமாக நினைத்துத் தாக்கும் நிலை அது. ஆனால் அதே செல்கள்தான் மிச்சம் இருக்கும் புற்றுச் செல்களையும் தேடி அழிக்கின்றன. 1990-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே அச்சு இரட்டையரிடமிருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. அதாவது முழுக்க ஒரே மாதிரி இருப்பதும் நல்லதில்லை. கொஞ்சம் வேறுபாடு வேண்டும், அது எல்லை மீறவும் கூடாது.

அந்த எல்லையைக் கட்டும் வழியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு கண்டுபிடித்தது. பாதிப் பொருத்தத்தில் அவர்கள் செய்த சிகிச்சையின் முடிவுகள் 2008-ல் வெளியாயின. பயன்படுத்திய மருந்து 1950களின் கடைசியிலிருந்தே புழக்கத்தில் இருக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைட். அதை ஸ்டெம் செல் ஏற்றிய மூன்றாம் நாளும் நான்காம் நாளும் கொடுக்கிறார்கள். உடலைப் பார்த்துச் சீறி எழும் எதிர்ப்புச் செல்கள் அந்த நேரத்தில் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும், மருந்தில் சிக்கிக்கொள்ளும். ஸ்டெம் செல்லிடம் அந்த மருந்தை முறிக்கும் நொதி நிறைய இருப்பதால் அது தப்பிவிடும். இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. 431 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2023-ல் வெளியாகி, நன்கு பொருந்திய கொடையாளரிடம் பெற்றவர்களுக்கும் இதே முறை பழைய முறையைவிட மேல் என்று காட்டியது. ஒரு வருடம் கழித்து, கடுமையான ஜி.வி.எச்.டியும் இல்லாமல் நோயும் திரும்பாமல் இருந்தவர்கள் 52.7 சதவீதம், பழைய முறையில் 34.9.

சரி, இரண்டாவது பயணத்துக்கு வருகிறேன். இந்த முறை ஏழு வாரம்.

என்னை முழுதாகப் பரிசோதித்தார்கள். தொற்றுகள், இதயம், கல்லீரல் எல்லாம். என் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி தங்கையின் ரத்தத்தில் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். குழந்தை பெற்ற பெண்களுக்கும் நிறைய ரத்தம் ஏற்றியவர்களுக்கும் அது இருக்க வாய்ப்பு உண்டு, இருந்தால் செல்கள் ஒட்டாமலே போகலாம். அவளுக்கு இல்லை.

இங்கே என் ஒரே மனக்குறை. என்னைப் பரிசோதித்தவரும் தங்கைக்குச் சிகிச்சை தருபவரும் ஒரே மருத்துவர். "கொடுக்கச் சம்மதமா சார்?" என்று கேட்டது அம்மா, அக்கா, தங்கையின் கணவர் எல்லோரும் இருந்த அறையில். எனக்குத் தயக்கமே இல்லை, அது வேறு விஷயம். ஆனால் தயக்கம் உள்ள ஒருவர், வெளியே சொல்ல முடியாத உடல் பிரச்சினை உள்ள ஒருவர், அந்த அறையில் வாய் திறக்க முடியுமா? கொடையாளரை நோயாளியின் மருத்துவர் அல்லாத வேறொருவர் தனியாகப் பார்க்க வேண்டும் என்று இத்துறையின் சர்வதேசத் தர விதிகளே சொல்கின்றன. அதுவும் நோயாளிக்குப் பெரிய கீமோ தொடங்கும் முன்பே கேட்டாக வேண்டும். அந்தக் கீமோ நோயாளியின் மஜ்ஜையை அழித்த பிறகு கொடையாளர் பின்வாங்கினால் உயிருக்கே ஆபத்து. எனக்கென்று ஒரு ஃபைல்கூட இல்லை, என் ரிப்போர்ட்டுகள் தங்கையின் ஃபைலுக்குள் செருகப்பட்டிருந்தன. மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளரிடம் இதைச் சொன்னேன். கோபப்படவில்லை, குறித்துக்கொண்டார்.

அப்புறம் ஊசிகள். ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குள் இறங்கி வரவைக்கும் ஜி-சி.எஸ்.எஃப் மருந்து, தினமும் தோலுக்கடியில். மூன்றாம் நாளிலிருந்து இடுப்பும் முதுகும் விண்விண் என்று தெறித்தன. பாராசிட்டமால் போட்டுச் சமாளித்தேன். ஐந்தாம் நாள் இரண்டு கையிலும் ஊசி ஏற்றி இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய், வேண்டிய செல்களை விட்டுவிட்டு, மறு கை வழியாகத் திரும்பி வருகிறது. நாலரை மணி நேரம். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைத்துவிடும். உதடு மரத்துப் போவதுபோல் இருந்தது. நான் சொல்வதற்குள் நர்ஸ் என் முகத்தைப் பார்த்தே கால்சியம் ஏற்றினார். அங்கிருந்த டெக்னீஷியன் அந்த நேரம் முழுக்க என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சி.டி.34 எண்ணிக்கை, அதாவது சேர்ந்த ஸ்டெம் செல்களின் கணக்கு, ஒரே நாளில் போதுமான அளவு வந்துவிட்டது. சிலருக்கு இரண்டாம் நாளும் உட்கார வேண்டியிருக்கும்.

அன்று மாலையே ஏற்றினார்கள். அதுதான் பூஜ்ஜியம் நாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வடிகட்டிய காற்று ஓடும் அறையில் அவள். சிறிய சிவப்புப் பை, ரத்தம் ஏற்றுவதுபோலவே சொட்டுச் சொட்டாக இறங்கியது. அறுவை சிகிச்சை எதுவும் இல்லை. அம்மா அதை எதிர்பார்க்கவில்லை, "இவ்வளவுதானா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இரண்டாம் நாள் இரவு அவளுக்கு 103 டிகிரி காய்ச்சல். பாதிப் பொருத்தத்தில் இப்படி வரும், சைக்ளோஃபாஸ்ஃபமைட் போனதும் இறங்கும் என்று இரவுப் பணி சிஸ்டர் எங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தொற்றாகவும் இருக்கலாம் என்று ஆன்டிபயாடிக்கும் தொடங்கினார்கள். அந்த ஒரு வார்த்தை முன்பே காதில் விழுந்திருக்காவிட்டால் நாங்கள் அந்த இரவில் உடைந்து போயிருப்போம். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது.

அதன் பிறகு காத்திருப்புதான். வாய்ப்புண், பிளேட்லெட், மறுபடி பிளேட்லெட். ஏற்றும் ரத்தத்தையும் பிளேட்லெட்டையும் கதிர்வீச்சு கொடுத்த பிறகே தர வேண்டும். இல்லையென்றால் அதிலிருக்கும் அந்நிய எதிர்ப்புச் செல்களே அவளைத் தாக்கும். ரத்த வங்கி ஒரு முறைகூட இதில் தவறவில்லை. ஒவ்வொரு பையிலும் அந்த முத்திரை இருக்கிறதா என்று நானும் பார்ப்பேன். தினமும் காலை பத்து மணிக்கு வெள்ளணுக் கவுண்ட் வரும். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், 100, மறுபடி 60. பதினெட்டாம் நாள், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் தொடர்ந்து மூன்றாம் முறையாக 500-க்கு மேல். "ஒட்டிக்கிச்சு அண்ணா" என்று அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து போனில் சொன்னபோது மருத்துவர்கூட இன்னும் வந்திருக்கவில்லை.

ஏழு வாரம் எடுத்துக்கொண்டது சரியான முடிவு. செல்கள் போதாமல் போனால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். பின்னாளில் நோய் தலைகாட்டினால் கொடையாளரின் லிம்ஃபோசைட்டுகளை, அதாவது நோய் எதிர்ப்புச் செல்களைக் கேட்பார்கள். அதனால் கடவுச்சீட்டையும் லீவையும் இன்னும் இரண்டு வருடத்துக்குத் தயாராகவே வைத்திருக்கிறேன்.

நான் திரும்பி வந்த பிறகு முப்பதாம் நாள் மஜ்ஜைப் பரிசோதனையின் ரிப்போர்ட் வந்தது. எண்ணிப் பார்த்த செல்கள் அத்தனையிலும் எக்ஸ் ஒய். பெண்ணின் மஜ்ஜையில் ஆணின் குரோமோசோம், எல்லாம் என் செல்கள். எம்.ஆர்.டி இல்லை. பி குரூப்பில் இருக்கும் அவள் மெல்ல மெல்ல என்னுடைய ஓ குரூப்புக்கு மாறுவாள். ஜி.வி.எச்.டியைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து தொடர்கிறது, வாரம் ஒரு முறை அளவு பார்க்கிறார்கள். தோலில் லேசாகத் தடிப்பு வந்து களிம்பில் அடங்கியிருக்கிறது. முக்கியக் கட்டமாகக் கருதப்படும் நூறாம் நாள் இன்னும் வரவில்லை.

கொடுத்தவருக்கும் ஒரு மாதத்தில் ரத்தம் பார்க்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நானே இங்கே எடுத்து அந்த ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினேன். அன்றே பதில் வந்தது: "கிடைத்தது சார். உங்கள் பெயரில் தனி ஃபைல் போட்டுவிட்டேன். ஆறாம் மாதமும் அனுப்புங்கள்."