பின் அறைக்கு ஒரு றவுட்டர்

கல்லடியில் எங்கள் வீடு ரெயில் பெட்டி மாதிரி நீளமானது. ஃபைபர் றவுட்டர் முன் விறாந்தையில் இருக்கிறது. நடுவில் மூன்று கல் சுவர், அதைத் தாண்டி குசினிக்குப் போனால் போனில் வைஃபை ஒரு கோடு, பின் அறையில் அதுவும் இல்லை. மகளுடைய மேசை அங்கேதான், ஏ.எல். வகுப்பு சூமில் நடக்கும்போது சேரின் முகம் அப்படியே நின்றுவிடும், இவள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடிவருவாள்.

போன மாதம் டவுனில் டிபி-லிங்க் டபிள்யூஆர்840என் றவுட்டர் ஒன்று வாங்கினேன். வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான், வயர் குத்துகிற துளைகள் எல்லாம் 100 எம்பிபிஎஸ் வேகம், ஆனால் படிப்புக்கும் யூடியூப்புக்கும் அது தாராளம். "ரிப்பீட்டரா போடுங்க அண்ணே, வயரே தேவல்ல" என்றார் கடைத் தம்பி. அதாவது முன் றவுட்டரின் வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்புகிற மாதிரி. போட்டேன். போனில் கோடு எல்லாம் முழுசாக வந்தது, ஆனால் வேகம் பாதிக்குப் பாதி விழுந்தது. முன்னாலிருந்து வாங்குவதும் பின்னால் கொடுப்பதும் ஒரே ரேடியோ என்றால் வேறென்ன நடக்கும்?

சரியென்று முன் றவுட்டரிலிருந்து 20 மீற்றர் கேட்5இ நெட்வேர்க் வயரை முகட்டோரமாக இழுத்து, பின் அறை றவுட்டரில் 'வான்' என்று எழுதிய, வெளி இன்ரநெற் வருகிற துளையில் குத்தினேன். இன்ரநெற் உடனே வந்தது. அன்று இரவு பாடக் குறிப்பை அச்செடுக்கப் பார்த்தால் விறாந்தையில் இருக்கிற பிரிண்டர் லப்டொப்பில் இல்லவே இல்லை. அந்தத் துளையில் குத்தினால் பின் அறை தனி நெட்வேர்க் ஆகிவிடுகிறது, முன்னால் இருக்கிற சாமான்கள் இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருந்த தாள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, எனக்கு அதுதான் கடுப்பு.

செய்ய வேண்டியது சின்ன வேலை. வயரைக் கழற்றிவிட்டு, லப்டொப்பை நேரே இரண்டாவது றவுட்டரில் மாட்டி, அதன் நெட்வேர்க் முகவரியை 192.168.1.2 ஆக்கினேன் (முன் றவுட்டர் 192.168.1.1, உங்களுடையது வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்). போன், லப்டொப்புக்கு முகவரி கொடுக்கிற டிஎச்சிபியை அதில் நிறுத்தினேன், இல்லாவிட்டால் இரண்டு றவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். பிறகு வயரை, வீட்டுச் சாமான்களை மாட்டுகிற 'லான்' துளைக்கு மாற்றினேன். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முன் றவுட்டரில் உள்ளதே, ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வைஃபை சனல் மட்டும் வேறு, முன்னுக்கு 1, பின்னுக்கு 11. உங்கள் றவுட்டரில் அக்சஸ் பொயின்ட் மோட் என்று ஒன்று இருந்தால் இந்த வேலையில் பாதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிரிண்டர் வந்துவிட்டது. மகள் ஓடுவதில்லை. ஒரு குறை, விறாந்தையிலிருந்து நடந்துபோனால் என் போன் பழைய சிக்னலையே பிடித்துக்கொண்டு தொங்கும், வைஃபையை ஒருதரம் நிறுத்திப் போட வேண்டும். அது போனின் குணம், றவுட்டரைக் குறை சொல்ல மாட்டேன்.

மாரி தொடங்கினால் கரண்ட் போகும், அதனால் றவுட்டர்களுக்குப் பற்றரியில் கரண்ட் கொடுக்கிற சின்ன யுபிஎஸ் ஒன்றும் வாங்கப் போகிறேன். என் முன் றவுட்டர் 12 வோல்ட், பின் றவுட்டர் 9 வோல்ட். இரண்டும் தருகிற யுபிஎஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள்.