“முடியுமா, முடியாதா?”: பத்து வருட மதிப்பீடுகளுக்குப் பிறகு ஒரு அம்மா எழுதுவது

புது போன் வாங்கினால் ஒரு வாரத்தில் நல்லது கெட்டது எழுதிவிடலாம். இதை அப்படி எழுத முடியாது. என்ன உதவி, எவ்வளவு தேவை என்று சமூக சேவைத் துறையிலிருந்து வந்து பார்க்கும் முதல் மதிப்பீடு நடந்தபோது என் மகளுக்கு வயது இரண்டு. இப்போது பன்னிரண்டு. செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால் உடம்பின் அசைவுகள் கட்டுப்படாத நிலை. இடையில் ஐந்து சமூகப் பணியாளர்கள் மாறிவிட்டார்கள், மூன்று வீல்சேர் மாறிவிட்டது, அலமாரியில் மூன்று ஃபைல் தடித்துப்போய் நிற்கிறது. சமூக சேவைத் துறையின் மதிப்பீட்டையும் உதவியையும் இத்தனை நாள் பயன்படுத்தியதில் எனக்குப் பிடிபட்டது இது.

முதல் மதிப்பீட்டை நான்தான் கெடுத்தேன். அன்றைக்குப் பார்த்து அவள் பிரமாதமாக இருந்தாள். சிரித்தாள், ஸ்பூனை எட்டிப் பிடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “கொஞ்சம் உதவி பண்ணினா அவளே சாப்பிட்டுடுவா மேடம்” என்றேன். “தானே உண்பாள், சிறிது உதவி தேவை” என்று எழுதிக்கொண்டார்கள். நிஜம் என்ன? ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம். தலையைத் தாங்க ஒரு கை, ஊட்ட ஒரு கை. அடிக்கடி புரையேறும். இதில் எதையும் நான் சொல்லவில்லை. கேட்டது அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். உதவிக்கு வந்த மணி நேரமும் அந்தச் ‘சிறிது’க்கு ஏற்ற மாதிரிதான் வந்தது.

படிவம் கேட்பது “முடியுமா?” என்று. நம் வாழ்க்கையோ எவ்வளவு நேரத்தில், யார் பிடித்துக்கொண்டால், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, முடித்தபின் குழந்தை எவ்வளவு சோர்ந்துபோகிறாள் என்பதில் இருக்கிறது. யுனிசெஃபும், இயலாமை பற்றிய புள்ளிவிவரங்களுக்கான ஐநாவின் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2016ல் வெளியிட்ட கேள்வித் தொகுப்பில் பெரும்பாலான கேள்விகளுக்கு நான்கே பதில்: சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், நிறைய சிரமம், முடியவே முடியாது. அது மக்கள்தொகையில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணுவதற்காகச் செய்யப்பட்டது, அந்த வேலைக்கு நல்ல கருவிதான். நோயின் பெயரைக் கேட்டு டிக் அடிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஒரு தனிக் குழந்தைக்கு உதவியை அளக்கும்போது, ‘கொஞ்ச’த்துக்கும் ‘நிறைய’த்துக்கும் நடுவில் ஒரு குடும்பமே தூங்காமல் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவதாக வந்த சமூகப் பணியாளர் கெட்டிக்காரர். ஒன்றரை மணி நேரம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, “ராத்திரியைப் பத்தி நீங்க ஒரு வார்த்தையும் சொல்லலையேம்மா” என்றார்.

“ராத்திரி ஒண்ணுமில்லை மேடம். நாலு தடவை எழுந்து திருப்பிப் படுக்க வைப்பேன், அவ்வளவுதான்.”

“அவ வயசுப் பொண்ணு இருக்கிற வேற எந்த வீட்டுல ஏழு வயசுக் குழந்தையை நாலு தடவை திருப்பிப் போடுறாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. பழகிப்போனது கணக்கில் வராமல் போய்விடுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் முன்னால் ஒரு வாரம் நோட்டில் எழுதுகிறேன். மணி, செய்த வேலை, எத்தனை நிமிடம், ஒரு ஆள் போதுமா இரண்டு பேர் வேண்டுமா என்பது வரை. நல்ல நாளை மட்டும் எழுதுவதில்லை. ஒருமுறை உதவி நேரத்தைக் குறைத்து முடிவு வந்தபோது, காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, இந்த நோட்டை நகலெடுத்து வைத்து மேல்முறையீடு செய்தேன். குறைத்தது திரும்ப வந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தவறு இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். ‘சில சமயம்’ என்ற ஒரு வார்த்தை இரண்டு வருடம் நம்மைத் துரத்தும்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அந்த ஏழு வயது மதிப்பீட்டில் அவளும் அறையில்தான் இருந்தாள். நான் வரிசையாக அடுக்கினேன்: நடக்க முடியாது, தனியாக உட்கார முடியாது, சொல்லத் தெரியாது. அன்று ராத்திரி, பேச்சுக்குப் பதில் படங்களைக் காட்டும் படப் பலகையில் அவள் ‘நான்’ என்ற படத்தைக் காட்டினாள். பிறகு ‘கெட்ட’. பிறகு கேள்விக்குறி.

அதற்குப் பிறகு முடியாதவற்றையெல்லாம் எழுதிக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். அவள் முன்னால் அதைப் பேச மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். யாரும் மறுத்ததில்லை. முன்பே இப்படிக் கேட்கலாம் என்று எனக்குத்தான் தோன்றவில்லை. உதவி வேண்டுமென்றால் பெற்ற குழந்தையைப் பற்றிக் குறையாகவே பேசவேண்டிய ஏற்பாடு இது. அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை, அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் தெரிந்தது.

மதிப்பீட்டுக் கருவிகளில் எனக்கு உண்மையிலேயே உதவியது, நான் முதலில் வெறுத்த ஒன்று. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 1997ல் வெளியிட்ட ஜிஎம்எஃப்சிஎஸ். செரிப்ரல் பால்சி உள்ள குழந்தை தானாக எப்படி நகர்கிறது என்பதை ஐந்து நிலைகளாகப் பிரிப்பது. தடையில்லாமல் நடக்கிற குழந்தை ஒன்றாம் நிலை, தலையை நிமிர்த்திப் பிடிப்பதே கஷ்டம் என்றால் ஐந்தாம் நிலை. என் மகள் நான்கு. பரீட்சையில் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்ட மாதிரி அழுதேன். அவளுக்கு நான்கு வயது நடக்கும்போது பிசியோதெரபிஸ்ட் ஒரு வளைகோட்டு வரைபடத்தைக் காட்டினார். அதே குழு 2002ல் வெளியிட்டது. பெரிய அசைவுகளில் குழந்தை எட்டக்கூடியதில் தொண்ணூறு சதவீதத்தை ஐந்து வயதுக்குள், நிலை கூடக்கூட அதற்கும் முன்பே, எட்டிவிடுகிறது என்று அந்தக் கோடுகள் சொல்கின்றன. இரண்டு வாரம் அந்த அம்மாவுடன் நான் பேசவில்லை.

பிறகு யோசித்தேன். எப்படியாவது நடக்க வைத்துவிடலாம் என்று ஓடிய ஓட்டத்தில், அவளுக்கு உடம்புக்கு ஏற்ற நாற்காலி கேட்டு விண்ணப்பிக்கக்கூட இல்லை. நாற்காலி கேட்டால் தோற்றுப்போனதாக அர்த்தம் என்று நினைத்திருந்தேன். நல்ல வீல்சேர் வந்ததும் அவள் எங்கள் பின்னால் வர ஆரம்பித்தாள், முன்னாலும் போனாள். இன்னொன்று: நிலை கூடக்கூட இடுப்பு மூட்டு நழுவும் அபாயமும் கூடும். அதனால் வலி இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆறு வயதில் இடது இடுப்பு நகரத் தொடங்கியது அதில்தான் தெரிந்தது. காத்திருந்து வலியில் கண்டுபிடித்திருந்தால் அறுவை சிகிச்சை இன்னும் பெரியதாக இருந்திருக்கும். அந்த ‘நான்கு’ மார்க் இல்லை, அடுத்து என்ன வரும் என்று சொல்லும் பலகை.

உலக சுகாதார நிறுவனம் 2001ல் கொண்டுவந்த, உடல்நலத்தையும் இயலாமையையும் விவரிக்கும் ஐசிஎஃப் என்ற வகைப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007ல் குழந்தைகளுக்கென்று தனிப் பதிப்பும் வந்தது. இயலாமை உடம்பில் மட்டும் இல்லை, படிக்கட்டிலும் குறுகிய கதவிலும் மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதத்திலும் இருக்கிறது என்பது அதன் சாரம். எங்கள் அறிக்கைகள் எல்லாவற்றின் முதல் பக்கத்திலும் இந்தப் பெயர் அழகாக இருக்கும். உள்ளே புரட்டினால் பழைய குறைப் பட்டியல்தான். நிஜமாகவே அதை நம்பி வேலை செய்தவர்கள் ஐந்து பேரில் இரண்டு பேர். அவர்கள் “என்ன இருந்தா முடியும்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது.

வந்த உதவிகளில் சாமான்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை, தாமதம் ஒன்றைத் தவிர. தாங்கிப் பிடித்து நிற்க வைக்கும் ஸ்டாண்டிங் ஃப்ரேம் வந்து சேர்வதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள். இரண்டு வருடம் அதில் துணி காயப்போட்டோம். வாரத்துக்குச் சில மணி நேரம் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து அவளைப் பார்த்துக்கொள்ளும் உதவிதான் எங்களைக் காப்பாற்றியது. முதல் மாதம் நான் வெளியே எங்கும் போகவில்லை, பக்கத்து அறையில் போய்த் தூங்கினேன். ஆள் மாறும்போதுதான் தொல்லை. பிரசவத்திலிருந்து கதையைத் தொடங்கவேண்டும். அதனால் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: மேலே பார்த்தால் ‘ஆமாம்’, கண்ணை மூடினால் ‘வேண்டாம்’, உதட்டைக் கடித்தால் எங்கோ வலி. ஃபைலைப் படிக்காதவர்கள்கூட இதைப் படிக்கிறார்கள்.

அவள் தம்பிக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. ஒன்பது வயது. போன முறை வந்தவர்களிடம், “எனக்கு எப்போ மதிப்பீடு?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்ப்போம்.

பல இடங்களில் பதினெட்டு வயதோடு குழந்தைகளுக்கான சேவை முடிந்து பெரியவர்களுக்கான வேறு ஏற்பாடு தொடங்குகிறது. பதினான்கிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு இன்னும் இரண்டு வருடம்.

போன வருட ரிவ்யூ. 2006ல் ஐநா ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 7வது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு, அதற்கு வேண்டிய உதவியும் தரவேண்டும் என்கிறது. பத்து வருடத்தில் முதல்முறையாக அன்றுதான் அவளுடைய டேப்லெட்டை மேசை நடுவில் வைத்து, குறிக்கோளை அவளிடமே கேட்டார்கள். நாங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது: ஃப்ரேமில் நாற்பத்தைந்து நிமிடம் நிற்பது. அவள் ஒவ்வொரு சொல்லாக அழுத்தினாள். “பாத்ரூம். கதவு. நான் சாத்தணும்.”

எவ்வளவு முக்கியம் என்று, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒன்றிலிருந்து பத்துக்குள் கேட்டார். பத்து. இப்போது எவ்வளவு திருப்தி? ஒன்று.

கைப்பிடியில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். உட்காரும் நாற்காலிக்கு மார்புப் பட்டை போட்டு, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி திருப்பி வைத்தார்கள். மூன்று மாதம் பழகினாள். மறுபடி கேட்டபோது திருப்தி ஏழு.

“மீதி மூணு எதுக்குடா கண்ணு?” என்றேன்.

“அம்மா. வெளியே. நிக்கிறே.”