லீ ஹுவா எழுதிய கடிதமும் வியன்னாவின் டாக்சிக்காரரும்: காவ்காவ் ஆங்கிலத் தாள், ஒரு மதிப்புரை

சீனாவில் மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் மாணவர்களின் ஆங்கிலத்தை அளக்கப் பல தேர்வுகள் இருந்தாலும், அவர்களுடைய அடுத்த நான்கு ஆண்டுகளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ஜூன் 8ஆம் நாள் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும் காவ்காவ் ஆங்கிலத் தாள். பல்கலைக்கழக நுழைவுக்கான இந்தத் தேசியத் தேர்வுக்கு 2024ஆம் ஆண்டில் 1 கோடியே 34 லட்சத்து 20 ஆயிரம் பேர் பதிவு செய்திருந்தார்கள். ரஷ்யன், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகியவற்றில் ஒன்றை அயல்மொழியாக எடுத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. ஆயினும் மிகப் பெரும்பான்மையோர் எழுதுவது ஆங்கிலமே. அந்த ஆண்டில் பல மாகாணங்களுக்குப் பொதுவாக இருந்த, ‘புதிய பாடத்திட்ட முதல் தாள்’ எனப்படும் வினாத்தாளைக் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முழுவதுமாக எழுதிப் பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதப்படுவதே இந்த மதிப்புரை.

சீனமொழி, கணிதம் ஆகியவற்றுக்கு இணையாக ஆங்கிலத்துக்கும் 150 மதிப்பெண்; மொத்தத் தேர்வு 750. அந்த 150இல் கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50, மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுதுவதற்கு 40. பேசுவதற்கு எதுவும் இல்லை என்பதை இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்கும் எவரும் கண்டுகொள்ளலாம். அதற்குப் பின்னர் வருகிறேன்.

கேட்டல் பகுதியில் 20 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். முதல் ஐந்து உரையாடல்கள் ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். அடுத்து வரும் சற்று நீண்ட ஐந்தும் இருமுறை ஒலிக்கும். தேர்வு நாளில் மையங்களைச் சுற்றிக் கட்டட வேலைகளை நிறுத்திவைத்து அமைதி காப்பது இந்தச் சில நிமிடங்களுக்காகவும்தான். அவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகு காதில் விழுவதோ, ஒலிப்பதிவுக் கூடத்தில் பக்குவமாகப் பதிவு செய்யப்பட்ட, ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்கும் உரையாடல். யாரும் யாரையும் இடைமறிப்பதில்லை. வாக்கியத்தைப் பாதியில் விட்டு வேறு பேச்சுக்குத் தாவுவதில்லை. பின்னணியில் ஒரு கதவுகூடச் சாத்தப்படுவதில்லை. இதில் 30க்கு 30 வாங்கிய மாணவர் ஒருவர் விமான நிலைய அறிவிப்பில் திணறினால் நான் வியப்படைய மாட்டேன். கோடிக்கணக்கானோருக்கு ஒரே தரத்தில் ஒலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தப் பகுதியை இவ்வளவு துடைத்துவைத்திருக்கிறது என்பதும் புரியாமல் இல்லை.

வாசிப்புப் பகுதி இந்தத் தாளின் உண்மையான பலம். 2024ஆம் ஆண்டுத் தாளின் நான்கு பத்திகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. முதலாவது, இயற்கை வாழிடத்தைச் சீரமைக்கத் தன்னார்வலர்களை அழைக்கும் அறிவிப்பு. இரண்டாவது, முயலுக்கு அக்குபங்சர் ஊசி போடும் கால்நடை மருத்துவரைப் பற்றியது. மூன்றாவது, தாளில் படிப்பதும் திரையில் படிப்பதும் ஒரே அளவு மனத்தில் பதிகின்றனவா என்று கேட்பது. நான்காவது, பொதுமக்களும் ஆய்வாளர்களும் திரட்டிய கோடிக்கணக்கான உயிரினப் பதிவுகள் எந்த இடங்களை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன என்று ஆராய்வது. மூன்றாவது பத்தியைத் தாளில் படித்துக்கொண்டிருந்தபோது வினாத்தாள் தயாரித்தவர்களுக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு என்று தோன்றியது. விடையைப் பத்தியில் தேடிப்பிடித்து எடுக்க முடியாத வகையில், எழுதியவரின் நிலைப்பாட்டை உய்த்துணர வேண்டிய வினாக்களும் உண்டு. நான்காவது பத்தியைப் பொறுத்தவரை, எண்ணிக்கை மிகுதியால் மட்டும் ஒரு தரவு நம்பகமானதாகிவிடாது என்ற கருத்தைப் பிடிக்காதவர் எந்த விடையையும் உறுதியோடு தேர்ந்தெடுக்க முடியாது. பாடத்திட்டம் காவ்காவுக்காக எதிர்பார்க்கும் சொல்வளம் சுமார் 3000 சொற்கள்; அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பமான வாதத்தைப் பின்தொடர வைப்பது எளிய வேலையன்று.

அதைத் தொடரும் ‘ஏழில் ஐந்து’ பயிற்சியில், ஒரு கட்டுரையின் ஐந்து இடைவெளிகளுக்கு ஏழு வாக்கியங்களிலிருந்து பொருத்தமானவற்றைத் தெரிவு செய்ய வேண்டும். இரண்டு வாக்கியங்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்ட கண்ணிகள். பத்தியின் ஓட்டத்தைப் படிக்கத் தெரிந்தவரையும் சொல் சொல்லாகப் பொருள் தேடுபவரையும் பிரித்துக்காட்டுவதில் இதற்கு நிகரான பயிற்சி இந்தத் தாளில் வேறில்லை. குறை என்னவென்றால், ஓரிடத்தில் தவறினால் அந்தத் தவறான வாக்கியம் இன்னோர் இடத்துக்கு உரியதாக இருக்கக்கூடும். ஒரு பிழைக்கு இரண்டு தண்டனை, அதாவது ஐந்து மதிப்பெண்.

பதினைந்து இடைவெளிகள் கொண்ட சொல் நிரப்பும் பகுதியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய தாள்களில் இருபது இடைவெளிகளும் 30 மதிப்பெண்ணுமாக இருந்தது இப்போது மதிப்பெண்ணளவில் பாதியாகக் குறைந்திருக்கிறது, நல்லதே. தெரிவுகள் எதுவும் தராமல் பத்துச் சொற்களின் சரியான வடிவத்தை எழுதச் சொல்லும் இலக்கணப் பகுதி சிக்கனமானது, நேர்மையானது. பழைய தேசியத் தாள்களில் இருந்த பிழைதிருத்தப் பகுதி இதில் இல்லை. அது வாசகனை மெய்ப்புத் திருத்துபவனாக மாற்றியதே தவிர எழுத்தாளனாக மாற்றவில்லை என்பது என் கருத்து.

இனி எழுதுதல். இங்கேதான் இந்தத் தாளின் மிகச் சிறந்த பகுதியும் மிகச் சலிப்பூட்டும் பகுதியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன.

சலிப்பூட்டுபவர் லீ ஹுவா. ‘நீங்கள்தான் லீ ஹுவா என்று வைத்துக்கொள்ளுங்கள்’ என்று தொடங்கும் வினாவைச் சீனத்தில் பள்ளிப்படிப்பை முடித்த எவரும் மறக்க மாட்டார். இந்தக் கற்பனை மாணவர் பல பத்தாண்டுகளாக வெளிநாட்டு நண்பர்களுக்கு அழைப்பும் மன்னிப்பும் அறிவுரையும் எழுதிக்கொண்டே இருக்கிறார்; பதில் வந்ததாகத் தகவல் இல்லை. 2024இல் பூங்காவில் நடந்த ஓவிய வகுப்பைப் பற்றி கிறிஸ் என்ற பிரித்தானிய நண்பருக்கு மின்னஞ்சல் எழுதினார். அளவு 80 சொற்கள், மதிப்பெண் 15. இந்த அளவுக்குள் தொடக்க வாழ்த்தும் முடிவுரையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்யப்பட்டவை. இடையிலுள்ள மூன்று நான்கு வாக்கியங்கள் மட்டுமே மாணவருடைய சொந்தச் சரக்கு. ஆக, 15 மதிப்பெண்ணில் எத்தனை மொழிக்கு, எத்தனை வார்ப்புக்கு என்று எந்தத் திருத்துபவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். விடைத்தாள்கள் வருடப்பட்டுக் கணினித் திரையில் திருத்தப்படுகின்றன; ஒரே விடையை இருவர் தனித்தனியே மதிப்பிட, வேறுபாடு மிகுந்தால் மூன்றாமவர் பார்க்கிறார். இது நியாயமான ஏற்பாடு. ஆனால் திரையில் நொடிப்பொழுதில் கடந்துபோகும் எழுத்து கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுய் நகரப் பள்ளியின் பெயரால் ‘ஹெங்ஷுய் எழுத்து’ என்றே அழைக்கப்படும், அச்சடித்தது போன்ற வட்டமான ஆங்கிலக் கையெழுத்தை நாடு முழுவதும் மாணவர்கள் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். அந்த மாதங்களில் நான்கு கதைகளைப் படித்திருக்கலாம்.

சிறந்த பகுதி, 25 மதிப்பெண்ணுக்கான ‘படித்துத் தொடர்ந்து எழுதுதல்’. முடிவில்லாமல் நிறுத்தப்பட்ட ஒரு கதையைக் கொடுத்து, அடுத்த இரு பத்திகளின் முதல் வாக்கியங்களையும் தந்து, மீதியைச் சுமார் 150 சொற்களில் எழுதச் சொல்கிறார்கள். குவாங்தொங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வாங் சூமிங், பிறருடைய மொழியைத் தொடர்ந்து செல்லும்போதே கற்றல் நடக்கிறது என்று வாதிட்டுவந்தவர்; இந்தப் பயிற்சிக்கு அடித்தளம் அவருடைய சிந்தனை. 2016 அக்டோபரில் ஜெஜியாங் மாகாணத் தேர்வில் முதலில் அறிமுகமாகி, பின்னர் புதிய தாள்களுக்குள் நுழைந்தது.

2024இன் கதை இது: கதைசொல்லியின் விமானம் புயலால் தாமதமாகி வியன்னாவில் இறங்குகிறது. பிராகாவுக்குப் புறப்படும் கடைசிப் பேருந்துக்கு அரை மணி நேரமே இருக்கிறது. குந்தர் என்ற டாக்சிக்காரர் வழி தெரியாமல் நண்பரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, இரண்டு நிமிடம் மிச்சமிருக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். கையில் ரொக்கம் இல்லை. வங்கி அட்டையைக் கருவி ஏற்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் பணம் எடுக்கும் இயந்திரமும் பழுது. இங்கே கதை நிற்கிறது. கெட்ட செய்தியைக் குந்தரிடம் சொன்னேன் என்று முதல் பத்தியும், நான்கு நாள் கழித்து வியன்னாவுக்குத் திரும்பியதும் வாக்குக் கொடுத்தபடி அவரை அழைத்தேன் என்று இரண்டாம் பத்தியும் தொடங்க வேண்டும்.

இதை எழுதிப் பார்த்தபோதுதான் இதன் நுட்பம் விளங்கியது. ‘வாக்குக் கொடுத்தபடி’ என்ற ஒரு சொற்றொடர் இரண்டாம் பத்தியின் தொடக்கத்தில் கிடப்பதால், அந்த வாக்கு முதல் பத்தியில் பிறந்தாக வேண்டும். யார் கொடுத்தது, எந்த நிலையில், பேருந்து கிளம்பும் அவசரத்துக்கு நடுவில் எப்படி என்பதையெல்லாம் மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். படித்தது புரியாதவர் எழுத முடியாது. எழுதத் தெரியாதவர் புரிந்ததைக் காட்ட முடியாது. வாசிப்பையும் எழுத்தையும் ஒரே கயிற்றில் கட்டிய இந்த வினா, மனப்பாடத்தால் முழுமையாகத் தொட முடியாத ஓர் இடத்தைத் தேர்வுக்குள் உண்டாக்கியிருக்கிறது.

‘முழுமையாகத் தொட முடியாத’ என்றுதான் சொல்ல முடியும்; ஓரளவு தொட முடியும். பயிற்சிப் புத்தகங்கள் சும்மா இருக்கவில்லை. கண்ணீர், வெட்கம், நன்றி, திகில் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து அலங்கார வாக்கியங்களைத் தொகுத்து, எந்தக் கதையிலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று விற்கிறார்கள். அதன் விளைவாக, டாக்சிக் கட்டணம் பற்றிய ஒரு சாதாரண உரையாடலின் நடுவே உணர்ச்சி அலை நெஞ்சில் வந்து மோதும். இலைகளின் ஊடே பொற்கதிர் பாயும். கதையில் அது மாலை, அதுவும் மழை பெய்யும் மாலை என்பது அந்தக் கதிருக்குத் தெரியாது. மதிப்பீட்டு விதிகள் சொல்வளத்துக்கும் தொடர்ச்சிக்கும் சேர்த்தே மதிப்பெண் தருவதால், சில நேரங்களில் சொல்வளம் தொடர்ச்சியை விழுங்கிவிடுகிறது. இந்த ஒன்றைச் சரிசெய்தால் இதைவிட நல்ல எழுத்து வினாவை ஒரு பொதுத்தேர்வில் காண்பது கடினம்.

பேச்சுக்கு வருவோம். ‘ஊமை ஆங்கிலம்’ என்ற சொல்லைச் சீனர்களே தங்கள் கல்வியைக் குறித்து நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்கும் ஒரு தலைமுறை, வாய் திறக்காமலே 140 மதிப்பெண் வாங்கிப் பல்கலைக்கழகம் செல்ல முடியும் என்பது இந்தத் தாளின் ஆகப்பெரிய குறை. சில இடங்கள் தாமாகவே இதற்கு வழி கண்டிருக்கின்றன. குவாங்தொங்கில் கணினி முன் அமர்ந்து எழுதும், இல்லை, பேசும் தேர்வுக்கு 20 மதிப்பெண்: ஒரு காணொளியைப் பின்பற்றி உச்சரிக்க வேண்டும், ஒரு பாத்திரமாக நின்று மூன்று கேள்விகள் கேட்டு ஐந்துக்குப் பதில் சொல்ல வேண்டும், கேட்ட கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும். பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலும் பேச்சும் சேர்ந்து 50 மதிப்பெண் கணினித் தேர்வாகிவிட்டன. ஆண்டுக்கு இருமுறை எழுதி உயர்ந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளலாம். ஷாங்ஹாயில் பேச்சுக்கு 10. மூன்றில் பெய்ஜிங் முறையே எனக்குப் பிடித்தது. ஒரு பிற்பகலின் தொண்டைக் கரகரப்பு ஒருவருடைய விதியாகிவிடக் கூடாது. இதை நாடு முழுவதும் விரிப்பதற்குத் தடை கொள்கை மட்டுமல்ல. மலை மாவட்டப் பள்ளி ஒன்றில் நூறு கணினிகளும் நூறு ஒலிவாங்கிகளும் ஒரே நேரத்தில் பழுதின்றி இயங்க வேண்டும் என்பதும்தான்.

இரண்டு வாய்ப்பு முறைக்கும் ஆபத்து உண்டு. அதே முறை இருந்த ஜெஜியாங்கில் 2018 நவம்பரில் நடந்த ஆங்கிலத் தேர்வு முந்தையதைவிடக் கடினமாக அமைந்ததால், சில பகுதிகளின் மதிப்பெண்ணுக்கு எடை கூட்டி வழங்கினார்கள். பெற்றோர் கொதித்தெழுந்தார்கள், மாகாண அரசு விசாரித்து, டிசம்பரில் அந்த எடையை நீக்கி மூல மதிப்பெண்ணையே மீண்டும் அளித்தது. இரண்டு தாள்களைச் சம கடினத்தில் செய்வது எவ்வளவு அரிது என்பதற்கு இது சான்று.

இந்தத் தாளைப் பயன்படுத்தப்போகிறவர், அதாவது சீன மாணவர் ஒருவரின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும் வெளிநாட்டுக் கல்லூரி அலுவலரோ ஆசிரியரோ, எதிர்கொள்ளும் சிக்கல் வேறு. பட்டியலில் பொதுவாக ஆங்கிலத்துக்கு ஒற்றை எண்தான் இருக்கும். அது பகுதிவாரியாகப் பிரித்துக் காட்டப்படுவதில்லை. இத்தனைக்கும் 2018இல் சீன அரசு வெளியிட்ட ஆங்கிலத் திறன் தர அளவுகோல், கேட்டல் முதல் மொழிபெயர்ப்பு வரை ஒவ்வொரு திறனையும் ஒன்பது படிகளாகப் பிரித்து விளக்குகிறது. மேல்நிலைப் பள்ளிக்கு உரியது ஏறத்தாழ நான்காம் படி. அடுத்த ஆண்டே ஐஇஎல்டிஎஸ் என்ற சர்வதேச ஆங்கிலத் தேர்வுடன் அதை இணைத்தும் காட்டினார்கள். ஆனால் காவ்காவ் எழுதியவரின் மதிப்பெண் பட்டியலில் அந்தப் படி இடம்பெறுவதில்லை. அளவுகோல் ஒரு மேசையிலும் அளக்கப்பட்ட பொருள் இன்னொரு மேசையிலும் கிடக்கின்றன.

ஆகவே 128 என்று ஓர் எண்ணைப் பார்ப்பவர், மாணவர் எந்த மாகாணத்தில், எந்தத் தாளை எழுதினார் என்று முதலில் கேட்க வேண்டும். பெய்ஜிங்கின் 128இலும் தேசிய முதல் தாளின் 128இலும் உள்ளடங்கிய திறன்கள் வேறு. இரண்டாவதாக, முடியுமானால் அந்த மாணவரிடம் குந்தரின் கதையைக் கொடுத்து, இரண்டாம் பத்தியை எழுதச் சொல்லாமல் வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.