மேலே ஏறவா, கீழே இறங்கவா, நேராக நடக்கவா?

சாலையைக் கடக்க வழி செய்து தாருங்கள் என்று ஒரு பகுதி மக்கள் மனு கொடுத்தால், மாநகராட்சிக்கு மூன்று வழிகள் உண்டு: நடை மேம்பாலம், சுரங்கப்பாதை, சாலை மட்டத்திலேயே சிக்னலோடு கடக்கும் இடம். சென்னையில் மூன்றுமே இருக்கின்றன. ஊருக்குள் ஓடும் சாலைக்கு மூன்றாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

நடை மேம்பாலத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, வண்டியும் ஆளும் சந்திக்கவே மாட்டார்கள் என்பது. உண்மைதான், ஆள் மேலே ஏறினால். அடியில் லாரி போக ஐந்தரை மீட்டராவது இடைவெளி விட வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்து, படிக்கு 15 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால் ஏற 40 படி, இறங்க 40 படி. இவ்வளவும் 14 மீட்டர் சாலையைத் தாண்டுவதற்கு. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு, மூட்டுவலியோடு நிற்கும் ஓர் அம்மா மீடியனில் எங்கே இடைவெளி இருக்கிறது என்றுதான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லிப்ட் வைக்கலாம், ஆனால் அது நின்றுபோகும் நாளில் சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பாலம் வெறும் சுவர்தான். சைக்கிள்காரரைப் பற்றியோ இந்தத் திட்டங்களில் யாரும் நினைப்பதே இல்லை.

மேம்பாலம் பொருந்தும் இடங்களும் உண்டு. 2023-ல் திறந்த தி.நகர் ஆகாய நடைபாதை நல்ல உதாரணம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கும் இதன் நீளம் சுமார் 570 மீட்டர். ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏற்கெனவே ஏறிவிட்டவர், கீழே நெரிசலில் இறங்காமல் அப்படியே நடந்துவிடலாம். ஜி.எஸ்.டி. சாலை மாதிரி அகலமும் வேகமும் கூடிய சாலைகளிலும் பாலத்தை மறுக்க முடியாது.

சுரங்கப்பாதையில் ஏற்ற இறக்கம் குறைவு. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் இடமிருந்தால் போதும் என்பதால் படிகள் ஏறக்குறைய பாதிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்க வேண்டும்; விளக்கு எரியவில்லை என்றால் இரவில் பெண்கள் இறங்க மாட்டார்கள். சென்ட்ரல் மெட்ரோ மாதிரி ஆள் நடமாட்டம் ஓயாத இடத்துக்கு இது சரி.

இனி, சாலை மட்டம். வெறும் ஜீப்ரா கோடு போடுவதை நான் சொல்லவில்லை. கோட்டை நம்பி இறங்குபவரைக் கோடு காப்பாற்றாது. அந்த வகையில் மூன்றையும்விட மோசம் அதுதான். நான் சொல்வது, கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு மேசைபோல உயர்த்துவது. அப்போது ஏறி இறங்குவது வண்டியின் வேலை, ஆளின் வேலை அல்ல. வேகமும் தானாகக் குறையும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்பறிக்கும் விபத்து வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் நின்றுகொள்ள அகலமான மீடியன் இருந்தால் பாதிப் பாதியாகக் கடக்கலாம். சைக்கிளையும் இறங்காமல் ஓட்டிப் போகலாம்.

சிக்னல் நேரத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 14 மீட்டர் கடக்க 12 விநாடி போதும். 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 17 விநாடிக்கு மேல் வேண்டும். பச்சையை அவருக்காக வைக்க வேண்டும்.

வண்டிகள் தேங்கும் என்பார்கள். கொஞ்சம் தேங்கத்தான் செய்யும். ஆனால் நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முதலிடம் என்ற கொள்கையை 2014-ல் ஏற்றுக்கொண்டது சென்னை மாநகராட்சியேதான். இதில் எனக்குக் கவலை தருவது மழைநீர். உயர்த்திய மேடை நடைபாதையை ஒட்டிக் கட்டப்பட்டால், ஓரமாக ஓடும் தண்ணீர் அங்கேயே தேங்கி, மக்கள் இறங்கும் இடமே குட்டையாகிவிடும். மேடைக்கு முன்பே வடிகால் வாய் வைத்தாக வேண்டும்.

அப்புறம், சாலை மாநகராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ இருக்கும். சிக்னல் போக்குவரத்துக் காவல்துறையிடம். மனு எழுதுபவர்கள் இரண்டு இடத்துக்கும் கொடுங்கள். பச்சைக்கு எத்தனை விநாடி வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.